ரெண்டு நாளாச் சத்தமில்லை

தையல் மெஷினை மிதித்து ஒரு ஜாக்கெட்டுக்குக் கை மூட்டிக்கொண்டிருந்தேன். பாதித் தையலில் மூச்சு வாங்கியது. வெயில் என்று நினைத்துத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி மிதித்தேன். அடுத்த சில நாட்களில் படுத்தால் இருமல் வந்தது, எழுந்து உட்கார்ந்தால் நின்றது. ஒரு தலையணை இரண்டாயிற்று. பிறகு சுவரில் சாய்ந்தபடியே தூங்கப் பழகிக்கொண்டேன்.

"ஒழுங்காத் திங்கிறதில்ல, ஒறங்குறதில்ல. வேற என்ன செய்யும்?" என்றார் என் கணவர் ராசு. சுருளிப்பட்டியில் திராட்சைப் பந்தல் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். பழம் வெட்டும் நேரம் அது. வெட்டு முடியட்டும் என்று நானும் தள்ளிப்போட்டேன். முடிந்தபோது என் கால்கள் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை.

தேனியில் அரசு மருத்துவமனைக்குப் போனோம். எக்கோ (ஒலி அலைகளைக் கொண்டு இதயத்தைப் படம்பிடிக்கும் சோதனை) எடுத்த டாக்டரம்மா திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்: "சின்ன வயசுல மூட்டெல்லாம் வீங்கி, காய்ச்சல்ல ரொம்ப நாள் படுத்திருக்கீங்களா?"

படுத்திருக்கிறேன். ஆறாம் வகுப்பில் ஒரு பருவம் முழுக்கப் பள்ளிக்குப் போகவில்லை. அது ருமாட்டிக் காய்ச்சல் (தொண்டைப் புண்ணைக் கவனிக்காமல் விட்டால் பின்னால் மூட்டுகளையும் இதயத்தையும் தாக்குவது) என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. காய்ச்சல் போய்விட்டது என்று எல்லோரும் நினைத்தோம். அது இதயத்தின் வால்வில் (இரத்தத்தை ஒரே திசையில் மட்டும் விடும் கதவு) உட்கார்ந்து, இத்தனை வருடமாக அதை இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் கல்யாணம் செய்துகொண்டதும் இரண்டு பிள்ளைகள் பெற்றதும் அந்தக் கதவு மூடிக்கொண்டு வரும்போதுதான்.

மதுரையில் அறுவை சிகிச்சை நடந்தது. காப்பீட்டு அட்டை இருந்ததால் கையிலிருந்து செலவு இல்லை. நெஞ்செலும்பைப் பிளந்து, கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு பொருத்தினார்கள். வலியைப் பற்றி எழுதப்போவதில்லை. வலி போய்விடும். இதே அறுவைக்குப் போகிறவர்கள் அதை மட்டும் நம்பலாம்.

தீவிர சிகிச்சையிலிருந்து வார்டுக்கு மாற்றிய அன்று மதியம், மின்விசிறி நின்றபோது, பக்கத்தில் எங்கோ கைக்கடிகாரம் ஓடுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. சுற்றிப் பார்த்தேன். சுவரில் கடிகாரம் இல்லை.

பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் சிரித்தாள். சிரித்ததில் தையல் வலித்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "தேடாதீகக்கா. அது நம்மதான். எது நீங்க, எது நானுன்னுதான் தெரியல."

அவள் பெயர் ஜோதி. மேகமலையில் ஒரு எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். லயன் வீட்டில் (எஸ்டேட் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய ஓரறை வீடு) கணவன் கணேசனோடும் மாமியாரோடும் இருந்தாள். கல்யாணமாகி மூன்று வருடம், பிள்ளை இல்லை. அவளுக்கும் சின்ன வயதுக் காய்ச்சல்தான், அவளுக்கும் அதேபோலச் சத்தம் போடும் உலோக வால்வுதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். இரண்டு சத்தங்கள் கேட்டன. அவளுடையது சற்று வேகம்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் மருத்துவர் எங்களை ஒன்றாக உட்காரவைத்துப் பேசினார். உலோகத்தின்மேல் இரத்தம் உறைந்து படியும், படிந்தால் வால்வு ஒட்டிக்கொள்ளும், அதனால் இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும் என்றார். மாதம் ஒருமுறை ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் பரிசோதனை) பார்க்க வேண்டும். கடையில் வலி மாத்திரை வாங்கக் கூடாது. கீரையைத் திடீரென்று கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. "சத்தம் மந்தமானாலோ கேக்காமப் போனாலோ அன்னிக்கே வந்திரணும்."

பிறகு ஜோதியைப் பார்த்தார். "நீ சின்னப் பொண்ணு. இந்த மாத்திரை வயித்துப் பிள்ளைக்கு ஆகாது. நாள் தள்ளிப்போனா உடனே வா, மாத்தி ஊசி போடுவோம். நீயா நிறுத்திரக் கூடாது. புரியுதா?"

ஜோதி தலையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். நெஞ்சில் கட்டுப்போட்டு உட்கார்ந்திருக்கிற ஒருத்திக்கு, இவ்வளவு பேச்சில் எந்த வாக்கியம் உள்ளே போய்த் தங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்த புதிதில் அந்தச் சத்தத்தை நான் வெறுத்தேன். பிள்ளைகள் பக்கத்தில் படுக்கப் பயந்தார்கள். ஜாக்கெட் அளவு கொடுக்க வந்த பெண்கள், மெஷின் நின்ற பிறகும் ஏதோ ஓடுகிறதே என்று குனிந்து பார்த்தார்கள். ஊசி விரலில் குத்தினால் இரத்தம் நிற்க வெகுநேரம் ஆனது. வெள்ளைத் துணி தைப்பதை விட்டுவிட்டேன்.

மாத்திரை தேனி மருத்துவமனையில் இலவசம். சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் எங்கள் ஊரில் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். எங்களுடையது அப்படி வராது. இரத்தம் பார்த்து அளவை முடிவுசெய்த பிறகுதான் தர முடியும். எனவே காலையில் போய் இரத்தம் கொடுத்து, டாக்டரம்மாவைப் பார்த்து, மருந்து ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நின்று வாங்கி வர வேண்டும். எனக்கு ஒரு நாள் தையல் போகும், அவ்வளவுதான். கம்பத்திலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம்.

ஜோதிக்கு அப்படியில்லை. விடியும் முன்பே மலையிலிருந்து பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு குமட்டிக்கொண்டு சின்னமனூரில் இறங்கி, அங்கிருந்து தேனிக்கு வருவாள். திரும்பிப்போகும் மலைப் பஸ்ஸை விட்டால் அன்றைக்குக் கீழேயே தங்க வேண்டும். தங்க அவளுக்கு இடம் இல்லை. ஐ.என்.ஆர். முடிவு மதியத்துக்கு மேல்தான் வரும். பெரும்பாலும் அதற்கு நிற்காமல், டாக்டரம்மாவிடம் கெஞ்சிப் பழைய அளவிலேயே எழுதி வாங்கி, மாத்திரையோடு ஓடிவிடுவாள். அவள் வாங்காத முடிவை வேறு யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

"ரிசல்ட்டு வாங்காமப் போனா டாக்டரம்மா வையிறாகல்ல?" என்று கேட்டேன்.

"வஞ்சுட்டுப் போறாகக்கா. பஸ்ஸு என்னைய வையாது, விட்டுட்டுப் போயிரும்."

இருவரும் ஒரே நாளில் போகும்படி ஏற்பாடு செய்துகொண்டோம். ஒருத்தி இரத்தம் கொடுக்கும்போது மற்றவள் வரிசையில் இடம் பிடிப்பாள். சோறு நான் கொண்டுபோவேன். ஊறுகாய் அவள் கொண்டுவருவாள். அந்த வரிசையில் எங்களைப்போல இன்னும் பலர் இருந்தார்கள், வலிப்புக்கு, தைராய்டுக்கு, மூட்டுவாதத்துக்கு. வெளியே பார்த்தால் யாருக்கும் ஒன்றுமில்லாததுபோல இருக்கும். இவ்வளவு திடமாக இருக்கிறீர்களே, இன்னும் எதற்கு மாத்திரை என்று ஊரில் கேட்பார்கள். மாத்திரையால்தான் திடம் என்று ஒவ்வொருவரிடமும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

கடைசியாக அவளோடு வரிசையில் நின்ற அன்று, சோற்றைத் திறந்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்னத்தா?"

"மலப் பஸ்ஸுக்கா. வயிறு இன்னும் சொழலுது."

அந்தப் பாதையில் வருகிற எவருக்கும் வயிறு சுழலும். நான் வேறொன்றும் நினைக்கவில்லை. ஜன்னலில் மாத்திரை அட்டைகளை வாங்கி ஸ்வெட்டருக்கு அடியில் பைக்குள் பத்திரமாக வைத்தாள். "இதுகளச் சொமக்கத்தான் மாசாமாசம் எறங்கி வாரேன்" என்று சிரித்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள். ஓட்டம் பழைய ஓட்டமாக இல்லை, நடுவில் நின்று நின்று போனாள் என்பது பிறகுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. இப்போது தினமும் வருகிறது.

அதற்குச் சில நாட்கள் கழித்து ஒரு காலையில் போன் வந்தது. லயனில் சிக்னல் கிடைக்காது. மேட்டுக்கு ஏறி வந்தால்தான் பேச முடியும். ஜோதிக்கு இரைத்தது.

"என்னத்தா, இப்படி எளைக்குது?"

"மேடு ஏறுனதுக்கா. ஒண்ணு சொல்லத்தான் கூப்பிட்டேன். ரெண்டு நாளா அந்தச் சத்தமே கேக்கலக்கா. எவ்வளவு அமைதியா இருக்கு தெரியுமா? சரியாயிருச்சு போல."

அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம். ராசுவிடம் விஷயத்தைச் சொல்லிப் போனை நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார்.

"ஏத்தா ஜோதி, கணேசன் பக்கத்துல இருக்கானா? அவன்கிட்டக் குடு" என்றார். "ஏலே கணேசா, எஸ்டேட் ஜீப்பக் கேளு. இப்பவே எறக்கிக் கொண்டா. பஸ்ஸுக்கு நிக்காத. நாங்க சின்னமனூர்ல ஆம்புலன்ஸோட நிக்கிறோம்."

நாங்கள் முதலில் போய்விட்டோம். மலையடிவாரச் சாலையைப் பார்த்துக்கொண்டே நின்றோம். மேகம் மலையைப் பாதிக்கு மறைத்திருந்தது. ஜீப் வந்தபோது ஜோதி கணேசனின் தோளில் சாய்ந்திருந்தாள். உதடு நீலமாக இருந்தது. ஆம்புலன்ஸில் அவளோடு நான் ஏறிக்கொண்டேன். கணேசன் முன்னால் உட்கார்ந்தான். படுக்கவைத்தால் மூச்சு முட்டியதால் அவளைச் சாய்த்து உட்காரவைத்து ஆக்சிஜன் வைத்தார்கள்.

முகமூடியை விலக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். "மூணு மாசம்க்கா."

எனக்கு விளங்க ஒரு கணம் ஆனது. அவளுடைய கை வயிற்றில் இருந்தது.

"மாத்திரைய நிறுத்திட்டியா?"

"புள்ளைக்கு ஆகாதுன்னு சொன்னாகல்ல."

"நிறுத்தச் சொல்லலையேத்தா. உடனே வரத்தான சொன்னாக."

"வந்தா கலைக்கச் சொல்லிருவாகளோன்னு பயந்துட்டேன்க்கா. மூணு வருசம் கழிச்சு வந்தது."

"அப்ப ஏன் மாசாமாசம் எறங்கி வந்து வாங்கின?"

அவள் ஏதோ முட்டாள்தனமான கேள்வி கேட்டதுபோல என்னைப் பார்த்தாள். "வாங்கலைன்னா பேர எடுத்துருவாக. புள்ள பொறந்தப்பறம் எனக்கு வேணுமில்ல?"

பிறகு, "கேட்டுப் பாருங்கக்கா, சத்தம் வருதான்னு" என்றாள்.

அவள் நெஞ்சில் காதை வைத்தேன். வண்டியின் இரைச்சல். அதற்குள் ஒரு டிக் கேட்டது, தெளிவாக, ஒழுங்காக. வருகிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் புரிந்துவிட்டது. அது என்னுடையது. மூச்சைப் பிடித்து, அதற்கு அடியில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். ஈரத் துணியைத் தரையில் மெதுவாகப் போடுவதுபோல ஏதோ ஒன்று இருந்தது. வேறொன்றும் இல்லை.

"வருதுத்தா" என்றேன்.

தேனி மருத்துவமனையில் ஒரு நிமிடம் வீணாகவில்லை. இதை எழுதியாக வேண்டும், ஏனென்றால் அங்கே யாரும் குறை வைக்கவில்லை. வால்வில் இரத்தம் உறைந்து ஒட்டியிருந்தது. அதைக் கரைக்க ஊசி ஏற்றினார்கள். மாலையில் மூச்சிரைப்பு கொஞ்சம் குறைந்தது, கணேசனிடம் தண்ணீர் கேட்டாள். மறுநாள் காலையில் போய்விட்டாள். பிள்ளை அதற்கு முன்பே போய்விட்டது.

டாக்டரம்மா வெளியே வந்து கணேசனிடம் பேசினார். பிறகு என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் இப்படி எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

"பிள்ளையும் வேணும்னு எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்மா. கஷ்டம்தான், ஆனா வழி இருக்கு. ஊசி போட்டுப் பார்த்துப் பார்த்துக் கொண்டுபோயிருப்போம்."

"அது அவளுக்குத் தெரியாதும்மா" என்றேன்.

"நாங்க சொன்னோமே."

"சொன்னீக."

அவர் எழுந்து வார்டுக்குள் போனார். அடுத்த மாதத்திலிருந்து, தன் அறையில் வந்து உட்காரும் ஒவ்வொரு பெண்ணிடமும், சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்கிறார். மலையிலிருந்து வருகிறவர்களின் இரத்தத்தை முதலில் எடுக்கச் சொல்லியிருக்கிறார். முடிவை வாங்கிக்கொண்டே பஸ் பிடிக்க முடிகிறது.

அதன்பிறகு எனக்குச் சத்தம் பயமில்லை, அமைதிதான் பயம். தைத்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்பேன். கல்யாண மண்டபத்தில், மேளத்துக்கு நடுவில், நெஞ்சில் கையை வைத்து உட்கார்ந்திருப்பேன். ராசு என்னை வெளியே கூட்டிவருவார். "கேக்குதா?" என்பார். கேட்ட பிறகு உள்ளே போவோம். சில நேரம் எனக்கு இரண்டு சத்தம் கேட்கும், ஒன்று சற்று வேகமாக. டாக்டரம்மாவிடம் சொன்னேன். எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு, "உங்க வால்வு நல்லாத்தான் வேலை செய்யுது" என்றார். அது எனக்கும் தெரியும்.

மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு பிற்பகல் கணேசன் வந்தான். தாடி வளர்ந்திருந்தது. ராசு பந்தலுக்குப் போயிருந்தார். காப்பி கொடுத்தேன். டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கரண்ட் போயிற்று. மின்விசிறி மெதுவாகச் சுற்றி நின்றது.

கணேசன் தலையை நிமிர்த்தினான்.

எந்தச் சத்தத்தைக் கேட்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. எழுந்து உள்ளே போய்விடலாமா என்று நினைத்தேன். அவனுடைய முகத்தைப் பார்த்த பிறகு போக முடியவில்லை. புடவையை நெஞ்சின்மேல் இறுக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தேன். அவன் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. வெளியே ஒரு டிராக்டர் வந்தபோது, அது போகும்வரை பொறுத்திருந்தான்.

"கொஞ்ச நேரம் இங்கன இருந்துட்டுப் போறேன்க்கா" என்றான்.

"இருப்பா."

கரண்ட் வந்ததும் எழுந்தான். பையிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து என் முன்னால் வைத்தான். ஜோதியின் துணிப்பெட்டியில், ஸ்வெட்டருக்குள் சுருட்டி வைத்திருந்தாளாம். மாத்திரை அட்டைகள். "ஒங்களுக்கும் இதே மாத்திரதான்னு சொல்லுவா. வீணாக்க மனசு வரல. ஆகலைன்னா எறிஞ்சுருங்க."

எறிய முடியவில்லை. என் மாத்திரைகளோடு சேர்த்து வைக்கவும் முடியவில்லை. துணி அலமாரியின் மேல்தட்டில், கை எட்டாத இடத்தில் வைத்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. நான் தேனிக்குப் போக வேண்டிய நாளில் சாலையில் வெள்ளம் நின்றது, பஸ் ஓடவில்லை. மறுநாளும் ஓடவில்லை. கையில் மாத்திரை தீர்ந்தது. கம்பத்தில் மருந்துக்கடை எல்லாம் ராசு நனைந்துகொண்டு அலைந்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். சரக்கு வண்டி வரவில்லை என்றார்களாம்.

நான் அலமாரியைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். யாருடைய மாத்திரை என்று மறைக்காமல் சொன்னேன். "அட்டைல இருக்கிற மருந்துப் பேரைப் படிங்க" என்றார். படித்தேன். அளவைப் படிக்கச் சொன்னார். காலாவதி தேதியையும் படிக்கச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தன. "நீங்க சாப்பிடுற அளவேதான். ரோடு திறக்கிற வரைக்கும் சாப்பிடுங்க. ஒரு வேளைகூட விடாதீங்க. திறந்த அன்னிக்கே வந்து இரத்தம் கொடுங்க" என்றார்.

இதைப் படிக்கிறவர்கள், டாக்டரைக் கேட்காமல் இன்னொருவரின் மாத்திரையைத் தொடக் கூடாது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ராசு முடிச்சை எடுத்துக் கொடுத்தார். அவிழ்த்தேன். அட்டைகள் எல்லாம் முழுதாக இருந்தன, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றில் மேல் வரிசை முழுக்க மாத்திரை எடுத்த குழிகள். இரண்டாம் வரிசையில் நடுப்பகுதிவரை குழிகள். அதற்குப் பிறகு தொடாத மாத்திரைகள். ஒரு நாள் மாலை வரை ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறாள். அடுத்த நாள் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த நாளில் அவள் எவ்வளவு சந்தோஷமாக இருந்திருப்பாள் என்று நினைத்துப் பார்த்தேன்.

புது அட்டையைப் பிரிக்கலாம் என்றுதான் ராசு சொன்னார். நான் அந்தப் பாதி அட்டையைத்தான் எடுத்தேன். கடைசிக் குழிக்கு அடுத்ததைக் கட்டைவிரலால் அழுத்தினேன். தாள் கிழிந்து மாத்திரை உள்ளங்கையில் விழுந்தது. தண்ணீர் குடித்து விழுங்கினேன்.

சாலை திறக்கும்வரை ஒவ்வொரு மாலையும் அப்படித்தான். வெளியே மழை, என்ன கிழமை என்றே தெரியவில்லை. அந்த நாட்களை என் வயதில் சேர்த்துக்கொள்வதா, அவளுடையதில் சேர்ப்பதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.